தனியாக வருகிறவருக்கும் ஒரு நாற்காலி

மணமேல்குடி ஒன்றியத்தின் அடுத்த ஊராட்சி மன்றங்களிலும் ஒன்றியக் குழுவிலும் உட்காரப் போகிற அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் தம்பி தங்கைகளுக்கும்,

உங்களில் யார் யார் வரப்போகிறீர்கள் என்று இப்போது எனக்குத் தெரியாது. தெரியாதபோதே எழுதிவிடுவதுதான் நல்லது என்று தோன்றியது. பெயர் தெரிந்தபின் எழுதினால் எந்தத் தெருக்காரருக்கு எழுதியது, எந்தக் கட்சிக்காரரைக் குத்திக்காட்டுவது என்றுதான் படிப்பார்கள். இது யாரையும் குத்திக்காட்டுகிற கடிதம் அல்ல. இந்த ஒன்றியத்தில் வாக்குள்ள ஒருவன் உங்களிடம் கேட்டுக்கொள்வது.

2019 டிசம்பர் கடைசியில் நாம் வாக்களித்து அமைத்த மன்றங்களின் ஐந்தாண்டுக் காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதி முடிந்தது. பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது. பதவிக்காலம் முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று அரசியல் சட்டம் சொல்கிறது. நமக்கு அது வாய்க்கவில்லை. இதற்கு முன்பும் இப்படித்தான். 2016 அக்டோபரில் காலம் முடிந்த மன்றங்களின் இடத்தில் புதிய மன்றங்கள் 2020 ஜனவரியில்தான் பொறுப்பேற்றன. மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஊருக்கு உறுப்பினர் இல்லை. கஜா புயல் வந்தது சரியாக அந்த இடைவெளியில், 2018 நவம்பர் 16 விடியற்காலையில்.

அந்த நாட்களை நான் விவரிக்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டு ஓடும் பறந்திருக்கும். நான் சொல்ல வருவது அதற்குப் பின் நடந்த கணக்கெடுப்பைப் பற்றி. எந்தக் குடிசை யாருடையது, எந்தப் படகில் எத்தனை பேருக்குப் பங்கு, கணவன் வெளிநாட்டில் இருக்க ஒற்றை ஆளாக வீட்டைக் காக்கிற பெண் எந்தச் சந்தில் இருக்கிறாள் என்பதெல்லாம் வார்டு உறுப்பினருக்கு நாக்கு நுனியில் இருக்கிற விஷயம். வெளியூரிலிருந்து பணிக்கு வந்த அலுவலருக்கு அது கோப்பைப் பார்த்தாலும் தெரியாது. அலுவலர்கள் உழைத்தார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் விடுபட்டவர் போய் நின்று கேட்பதற்கு, 'உனக்குத்தானே ஓட்டுப் போட்டேன்' என்று உரிமையோடு சொல்வதற்கு, ஊருக்குள் ஒரு வாசல் இல்லை. வார்டு உறுப்பினர் என்றால் குழாயடிப் பஞ்சாயத்துக்கும் தெருவிளக்குக்கும் மட்டும் என்று யாராவது சொன்னால், அந்தக் கார்த்திகையை நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்படி வந்து நிற்பவரை எப்படி எதிர்கொள்வது என்பதற்கு நம் ஊரிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. நம் ஊர்ப் பெயர் தமிழ் இலக்கியத்தில் நிலைத்திருப்பது ஒரு மனிதரால். குலச்சிறை நாயனார் மணமேற்குடியில் பிறந்தவர். நின்றசீர் நெடுமாறன் என்ற பாண்டியனிடம் அமைச்சராக இருந்தவர். திருஞானசம்பந்தர் ஆலவாய்ப் பதிகம் ஒன்றில் அரசி மங்கையர்க்கரசியையும் இவரையும் மாற்றி மாற்றிப் போற்றுகிறார். அரசிக்குச் சமமாக ஓர் அமைச்சரை வைத்துப் பாடியது சின்ன விஷயமில்லை. ஆனால் சேக்கிழார் இவரைப் பற்றிச் சொல்வதில் என்னை அதிகம் பிடித்து நிறுத்துவது வேறு ஒன்று. அடியார்கள் பலராகத் திரண்டு வந்தாலும், உண்ண வேண்டி ஒருவர் மட்டும் தனியாக வந்தாலும், இரண்டு வரவையும் ஒன்றுபோல் எதிர்கொண்டு உபசரித்தார் என்கிறார். எந்தக் குலம் என்று பார்க்கவில்லை என்றும் சொல்கிறார்.

பலராகத் திரண்டு வருகிறவர்களை எல்லோரும் உட்கார வைப்பார்கள். கூட்டமாக வந்தால் நாற்காலி தானாக வரும், டீ வரும், கோரிக்கை குறிப்பேட்டில் ஏறும். தனியாக வருகிறவருக்கு என்ன நடக்கிறது? ஒரு மன்றம் எப்படிப்பட்டது என்பதை நான் அதை வைத்துத்தான் அளப்பேன். இந்தக் கடிதம் முழுக்க அந்த ஒருவருக்காகத்தான்.

அவர் பெரும்பாலும் வீட்டுக்காகத்தான் வருவார். கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 2030-க்குள் குடிசையில்லாத் தமிழ்நாடு என்று 8 லட்சம் வீடுகளுக்கு இலக்கு வைத்திருக்கிறார்கள். 360 சதுர அடி வீடு, வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய். நல்ல திட்டம். பிரதமரின் வீடு திட்டமும் கூடவே இருக்கிறது. ஆனால் இரண்டிலும் வாசற்படியிலேயே ஒரு கேள்வி நிற்கிறது: உன் பெயரில் இடம் இருக்கிறதா, பட்டா இருக்கிறதா?

மணமேல்குடியிலிருந்து வடக்கே கட்டுமாவடி வரைக்கும், தெற்கே அம்மாபட்டினம், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் வரைக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்கள் இந்தக் கேள்வியின் கனத்தைக் கண்ணால் பார்க்கலாம். சாலைக்கு மேற்கே நிலம் யாரோ ஒருவர் பெயரில் இருக்கும். கிழக்கே மணல். அதில் தலைமுறையாகக் குடியிருப்பவர்கள் பலருக்குக் காகிதம் கிடையாது. மின் இணைப்பு உண்டு, குடும்ப அட்டை உண்டு, வாக்காளர் அட்டை உண்டு. அடியில் இருக்கிற மண்ணுக்கு மட்டும் பெயர் 'புறம்போக்கு'. குடிசையைக் கான்கிரீட் வீடாக்க வேண்டும் என்று அரசே சொல்லும்போது, மிக மோசமான குடிசையில் இருப்பவரே முதலில் பட்டியலிலிருந்து கழிந்துபோகிறார். வீடு வாங்கித் தருகிறேன் என்று வாக்குக் கேட்கப் போகிற நீங்கள், அதற்கு முன் பட்டா இல்லாத வீடுகளின் பட்டியலை எடுங்கள். பயனாளிகள் பட்டியல் அலுவலகத்தில் தயாராகும். இல்லாதவர்கள் பட்டியல் யாரும் கேட்காமல் தயாராகாது. ஒவ்வொரு வார்டிலும் எந்த மனை நத்தம், எது நீர்நிலை, எது ஆட்சேபணையற்ற புறம்போக்கு என்று வருவாய்த் துறையோடு உட்கார்ந்து பிரித்துவிட்டால், பாதிப் பேருக்கு வழி திறக்கும். மீதிப் பேருக்கு மாற்று மனை கேட்டுத் தீர்மானம் போடலாம்.

கடற்கரையில் இந்தச் சிக்கல் இன்னும் ஒரு சுற்று கூடுதல். சுனாமி நாகப்பட்டினத்தை அடித்த மாதிரி நம் பக்கத்தை அடிக்கவில்லை. இலங்கை குறுக்கே இருந்தது. ஆனால் அதன்பின் வந்த விதிகள் நமக்கும் சேர்த்துத்தான் வந்தன. 2005 மார்ச்சில் போட்ட அரசாணை 172-ன்படி, உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு சேதமானவர் உள்ளே தள்ளிப்போனால் ஒன்றரை லட்ச ரூபாய் வீடு இலவசம் என்றிருந்தது. போக மனமில்லை என்றால் தன் செலவில் பழுதுபார்த்துக்கொண்டு அங்கேயே இருக்கலாம், அரசு உதவி கிடையாது என்றது. கடலை விட்டுத் தள்ளிப் போய்விட்டால் வத்தைப் படகை யார் பார்ப்பது, ராத்திரி காற்று திரும்பினால் யார் ஓடுவது என்று தொழில் தெரிந்தவர்கள் கேட்ட கேள்விக்குப் பதில் அந்த ஆணையில் இல்லை. பாதுகாப்பும் பிழைப்பும் எதிரெதிரே நின்றன. அதை நேரில் உட்கார்ந்து, ஊர் ஊராகப் பேசித் தீர்க்க வேண்டிய இடம் ஊராட்சி மன்றம்தான்.

கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 1991-ல் வந்தது; 2011-லும் 2019-லும் மாறியது. இதில் நீங்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு பகுதி உண்டு. கடலோர மேலாண்மைத் திட்ட வரைபடத்தில் மீனவர் குடியிருப்புகள், அவர்களின் பொது இடங்கள், மீன் காயவைக்கும் களம், ஏலம் போடும் இடம் எல்லாவற்றையும் குறிக்க வேண்டும் என்றும், மீனவச் சமூகத்தின் நீண்டகால வீட்டுத் தேவைக்கு மாநில அரசு திட்டம் தீட்ட வேண்டும் என்றும் 2011 அறிவிக்கை சொன்னது. பிள்ளைகள் வளர்ந்து தனிக்குடித்தனம் போகும்போது வீடு எங்கே என்ற கேள்வியைச் சட்டமே எழுப்பியிருக்கிறது. ஆனால் 2023 ஆகஸ்டில் தமிழகக் கடலோர மாவட்டங்களில் வரைவு வரைபடத்துக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தபோது, மீனவ ஊர்களும் பொது இடங்களும் வீட்டுத் தேவைத் திட்டமும் விடுபட்டிருக்கின்றன என்று மீனவர் அமைப்பினர் எழுந்து நின்று சொன்னார்கள்.

வரைபடத்தில் இல்லாத இடம் நாளைக்குக் காலி இடம். காலி இடத்துக்கு ஆள் வருவார்கள். இறால் பண்ணையோ விடுதியோ வேறெதுவோ வந்து நிற்கிறபோது, "இங்கேதான் எங்கள் தாத்தா காலத்திலிருந்து கரைவலை இழுத்தோம்" என்று சொல்ல வாய் இருக்கும், காட்ட ஆவணம் இருக்காது. ஆகவே கடற்கரைக்காக உங்களிடம் நான் கேட்கும் முதல் வேலை கட்டடம் இல்லாத வேலை. கடலோர ஊராட்சிகள் ஒவ்வொன்றும் தன் கரையை நடந்து அளக்கட்டும். படகு இறக்கும் துறை, வலை உலர்த்தும் மணல், கருவாட்டுக் களம், பெண்கள் மீன் பிரிக்க உட்காரும் நிழல், சுடுகாட்டுக்கும் கபரஸ்தானுக்கும் போகும் பாதை, ஊற்றுத் தோண்டினால் நல்ல தண்ணீர் வரும் இடம். வயதானவர்களைக் கூட்டிப் போங்கள். கரையில் எங்கே என்ன என்று அவர்களுக்குத்தான் தெரியும். கருவாட்டுக் களத்துக்குப் பெண்களைக் கேளுங்கள், ஆண்களை அல்ல. அளந்ததைக் கிராம சபையில் வைத்து, சர்வே எண்ணோடு தீர்மானமாக எழுதுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கிராம சபை நமக்கு இருக்கிறது. ஒரு வருடத்தில் முடிகிற வேலை இது.

இப்போது மரபுச் சின்னங்களுக்கு வருகிறேன். மேடையில் இதைப் பேசினால் கைதட்டு கிடைக்கும், அதனால் எல்லோரும் பேசுவார்கள். ஜெகதீஸ்வரர் கோயிலும் குலச்சிறையார் சன்னிதியும் நமக்குப் பெருமை, சந்தேகமில்லை. பக்கத்துத் தாலுகாவில் ஆவுடையார்கோயில் கல் கொடுங்கையைப் பார்க்க உலகத்திலிருந்து ஆள் வருகிறது. கோட்டைப்பட்டினம் தர்காவுக்கு எல்லா மதத்தவரும் போகிறார்கள். சோழநாட்டுக்கும் பாண்டிநாட்டுக்கும் எல்லை என்று பழையவர்கள் சொன்ன வெள்ளாறு நம் பக்கத்தில்தான் கடலில் விழுகிறது. கோயில் நிர்வாகம் அறநிலையத் துறையின் வேலை, உங்களுடையது அல்ல. ஆனால் கோயிலைச் சுற்றியுள்ள தெரு, வடிகால், குப்பை, குளத்துக்கு வரும் வாய்க்கால், பள்ளிவாசலுக்குப் போகும் சாலை விளக்கு எல்லாம் உங்கள் கையில். அதைச் சரியாகச் செய்வதே பாதிப் பாதுகாப்பு.

எது நம் மரபு என்று பட்டியல் போடும்போது ஒரு கண்டிப்பு வேண்டும். அதில் எல்லோருக்கும் இடம் இருக்க வேண்டும். குலச்சிறையாரைப் போற்றுகிற நாம் ஒன்றை நேர்மையாக நினைவில் வைக்க வேண்டும்: மதுரையில் வாதில் தோற்ற சமணர்களைக் கழுவேற்றிய கதையிலும் அவர் பெயர் வருகிறது. அதே சமணர்கள் விட்டுப்போன சித்தன்னவாசல்தான் இன்று நம் மாவட்டத்துக்கு அடையாளம். இரண்டும் நம்முடையவை, ஒன்றைச் சொல்லி ஒன்றை மறைத்தால் அது வரலாறு ஆகாது. அதேபோல், எந்தத் தெருக்காரர் வரக்கூடாது என்று சொல்லிக் காப்பாற்றுகிற பெருமை பெருமை அல்ல. 2022 டிசம்பரில் இதே மாவட்டத்தில் வேங்கைவயலில், பட்டியல் சமூக மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. தொட்டி என்பது ஊராட்சியின் சொத்து. அதைக் காப்பதும் கோயில் கோபுரத்தைக் காப்பதும் உங்கள் மன்றத்தில் ஒரே எடையில் இருக்க வேண்டும்.

நிலத்தில் நிற்காத மரபும் உண்டு. அதிராம்பட்டினத்திலிருந்து அம்மாபட்டினம் வரை கடலுக்குள் 448 சதுர கிலோமீட்டரை 2022 செப்டம்பரில் கடல்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. இந்தியாவில் இது முதல். ஆவுளியா என்று நம்மவர்கள் அழைக்கும் அந்த உயிர் கடல்தாழையை மேய்ந்து வாழ்கிறது. கடல்தாழை இருந்தால்தான் இறாலும் நண்டும் குஞ்சு பொரித்து வளரும். அதைக் காக்கிற காவலன் வனத்துறைப் படகு மட்டுமல்ல, வலையில் சிக்கியதை அறுத்து விடுகிற மீனவரும்தான். பாதுகாப்பகம் பற்றிய முடிவு எதுவானாலும் அந்த மீனவரைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும் என்று சொல்லும் இடம் உங்கள் மன்றம்.

மண்ணைக் காக்கவும் ஒரு சட்டம் இருக்கிறது. நெடுவாசலில் 2017-ல் ஹைட்ரோகார்பன் கிணறுகளுக்கு எதிராக மக்கள் உட்கார்ந்து போராடியதன் தொடர்ச்சியாக, 2020-ல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. அறந்தாங்கி, ஆவுடையார்கோயில், திருவரங்குளம், கறம்பக்குடியோடு மணமேல்குடி ஒன்றியத்தின் பெயரும் அதில் இருக்கிறது. புதிய ஹைட்ரோகார்பன் கிணறுகளுக்கு அது தடை. ஆனால் துறைமுகம், குழாய்ப்பாதை, சாலை போன்றவற்றுக்கு வழிவிட்டிருக்கிறது. கல்லணைக் கால்வாய் நூற்று நாற்பது கிலோமீட்டருக்கு மேல் ஓடிவந்து மும்பாலை ஏரியில் முடிகிறது, கடைமடை நாம். தண்ணீரைப் போலவே தகவலும் நமக்குக் கடைசியில்தான் வந்து சேர்கிறது. சட்டத்தின் நகல் ஒன்று ஒவ்வொரு ஊராட்சி அலுவலகத்திலும் இருக்கட்டும்.

இவ்வளவையும் ஒரு மன்றத்தில் எப்படிப் பேசுவது? சண்டை வரும். வரட்டும். ஊராட்சித் தலைவரையும் வார்டு உறுப்பினரையும் கட்சிச் சின்னம் இல்லாமல் தேர்ந்தெடுக்கும்படி சட்டம் வைத்திருப்பது, ஊர்க் காரியத்தைக் கட்சிக் கண்ணாடி போடாமல் பேச வேண்டும் என்பதற்குத்தான். நெல்லைச் சீமையில் மானூர்க் கல்வெட்டு ஒன்று இருக்கிறது, பாண்டியன் மாறஞ்சடையன் காலத்தது, ஏறத்தாழ கி.பி. 800. சபையில் எந்தக் காரியம் வந்தாலும் 'இல்லை, இல்லை' என்று மறித்துக்கொண்டே இருப்பவருக்கும் அவருக்குத் துணை போகிறவருக்கும் ஐந்து காசு தண்டம் என்று அந்தச் சபை விதித்திருக்கிறது. அது நிலமுள்ள பிராமணர்களின் சபை. உழுதவருக்கோ பெண்களுக்கோ அதில் இடமில்லை. நூற்றாண்டுகளுக்குப் பிறகு அந்தக் கதவை நாம் உடைத்து, இப்போது பாதி இடம் பெண்களுக்கு என்று சட்டம் வைத்திருக்கிறோம். அந்தப் பாதியில் வரப்போகிற அக்காமார்களே, உங்கள் நாற்காலியில் உங்கள் வீட்டுக்காரரை உட்கார விடாதீர்கள். கூட்டத்துக்கு நீங்கள் வாருங்கள், கையெழுத்தைப் படித்துப் பார்த்துப் போடுங்கள். கருவாட்டுக் களம் எங்கே என்று உங்களுக்குத்தானே தெரியும் என்று சற்று முன் எழுதினேன். தண்ணீர், கழிப்பறை, பட்டா எல்லாவற்றுக்கும் அதுதான் நிலைமை.

பேசி முடிவெடுக்க நம்மவர்களால் முடியாது என்று சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. பாக் கடலில் விசைப்படகுக்காரருக்கும் நாட்டுப்படகுக்காரருக்கும் மோதல் முற்றிய காலம் ஒன்று இருந்தது. வலை அறுபட்டது, படகு எரிந்தது. கடைசியில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, மற்ற நாள் நாட்டுப்படகு என்று பிரித்துக்கொண்டார்கள். அந்த ஏற்பாடு அவ்வப்போது மீறப்படுகிறது என்றாலும் இன்றுவரை பெயர் சொல்லி நிற்கிறது. கடலையே நாள் கணக்கில் பங்கு போட்டுக்கொண்டவர்களுக்கு மனைக்கட்டைப் பங்கு போடத் தெரியாதா?

மரபா வளர்ச்சியா என்று பேசி முடிவெடுப்பது பெரிய ஊர்களிலும் எளிதாக நடப்பதில்லை. இங்கிலாந்தின் லிவர்பூல் துறைமுகத்தை 2004-ல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக்கியது. பழைய கப்பல் துறைகளை ஒட்டிப் புதுக் கட்டடங்கள் எழ எழ, மாநகர உறுப்பினர்கள் வேலைவாய்ப்புப் பக்கம் நின்றார்கள். 2021 தொடக்கத்தில் பழைய கப்பல் துறை ஒன்றில் கால்பந்து மைதானத்துக்கு அனுமதி தந்தார்கள். அதே ஆண்டு ஜூலையில் யுனெஸ்கோ அந்தப் பட்டத்தை எடுத்துவிட்டது. அவர்கள் செய்தது சரியா தவறா என்று அங்கே இன்னும் வாதம் நடக்கிறது. ஆனால் யார் என்ன சொன்னார், எந்தக் காரணத்துக்காகக் கை தூக்கினார் என்பது பதிவில் இருக்கிறது. பிற்காலத்தில் வருகிறவர் எடுத்துப் படிக்கலாம், கேள்வி கேட்கலாம். நம் தீர்மானப் புத்தகங்களைத் திறந்தால் பெரும்பாலும் 'ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது' என்ற ஒரே வரிதான் கிடைக்கும். எதிர்த்தவர் பெயரையும் காரணத்தையும் எழுதுங்கள். எதிர்ப்பு எழுதப்பட்டால்தான் அடுத்த முறை அவர் வருவார்.

கிராம சபைக்குக் கோரம் என்று ஒன்று உண்டு. 3,000-க்கு மேல் 10,000 வரை மக்கள் உள்ள ஊராட்சிக்கு 200 பேர். பல இடங்களில் ஊரக வேலைத் திட்டத்தில் இருப்பவர்களைக் கொண்டுவந்து அந்தக் கணக்கை நிரப்புகிறார்கள். வேண்டாம். மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை; விசைப்படகில் போகிறவர்கள் கரையில் இருக்கிற காலம். மே 1 கிராம சபை அதற்குள்தான் வருகிறது. கடற்கரை நிலம், வீடு, பட்டா எல்லாவற்றையும் அந்தச் சபைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நாட்களில் அவர்கள் கடலுக்குப் போயிருப்பார்கள், நீங்கள் அவர்கள் இல்லாமல் அவர்கள் வீட்டைப் பற்றித் தீர்மானம் போட்டுக்கொண்டிருப்பீர்கள்.

அரசியல் சட்டத்தின் பதினொன்றாம் அட்டவணையில் ஊராட்சிகளுக்கென்று 29 துறைகள் எழுதியிருக்கின்றன. ஊரக வீட்டுவசதி, மீன்வளம், பண்பாட்டுப் பணிகள், சமுதாயச் சொத்துகளைப் பராமரிப்பது எல்லாம் அதில் உண்டு. எவ்வளவு அதிகாரம் உண்மையில் கைக்கு வந்திருக்கிறது என்பது வேறு கதை. நிதி குறைவு, ஆள் குறைவு, ஒவ்வொரு மதிப்பீட்டுக்கும் ஒன்றிய அலுவலகப் படி ஏற வேண்டும். தெரியும். ஆனால் நான் மேலே கேட்டவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பணமே தேவையில்லை. நடப்பதற்கும் அளப்பதற்கும் எழுதுவதற்கும் கேட்பதற்கும் மட்டும் மனம் வேண்டும்.

பதவியேற்ற பின் உங்கள் முதல் கூட்டத்தின் பொருள் நிரலில் மூன்று வரிகளைச் சேருங்கள்: வார்டு வாரியாகப் பட்டா இல்லாத வீடுகளின் பட்டியல், கடற்கரைப் பொது இடங்களின் அளவீடு, கூட்டம் தொடங்கும் முன் அரைமணி நேரம் தனியாக வருகிற யாரும் வந்து உட்கார்ந்து பேசலாம் என்ற ஏற்பாடு. மூன்றாவதற்கு நான் வருவேன். எனக்கு முன்னால் வேறு ஒருவர் வந்திருந்தால் அவர் பேசி முடிக்கட்டும், காத்திருக்கிறேன்.

அன்புடன்,
மணமேல்குடி வாக்காளன் ஒருவன்